வெங்காயப் பட்டறையும் வணிக உளவியலும்

சின்ன வெங்காயச் சாகுபடிக்குப் பேர் பெற்ற பெரம்பலூர் வட்டாரத்தில், அறுவடை நேரத்தில் விலை படுத்துவிட்டால் காயைப் பட்டறை போட்டு வைத்து விலை ஏறும்வரை காத்திருப்பது வழக்கம்; போட்ட முதலேனும் திரும்பாமல் விற்பதில்லை என்ற பிடிவாதத்தில் காய் அழுகும்வரை காத்திருப்போரும் உண்டு. அந்த நட்டத்தின் அளவைக் கணக்கியல் சொல்லிவிடும். அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வருகிறது என்பதை உளவியல்தான் விளக்க முடியும். 1979இல் டேனியல் கானெமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் வெளியிட்ட கோட்பாட்டின்படி, ஆயிரம் ரூபாய் கிடைக்கும் மகிழ்ச்சியைவிட ஆயிரம் ரூபாய் போகும் வலி பெரிது. 'இழப்பு வெறுப்பு' எனப்படும் இந்த மனப்போக்கினால், உறுதியான சிறு நட்டத்தை ஏற்க மனம் வராதவர், அதிலிருந்து தப்பும் நப்பாசையில் பெருநட்டத்துக்கே துணிந்துவிடுகிறார். உளவியலாளரான கானெமனுக்கு 2002இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

வணிகருக்கு உளவியலைக் கற்பிக்கும் முயற்சி இந்தியாவுக்குப் புதிதன்று. 1960களில் அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்லிலண்ட், ஆந்திரத்தின் காக்கிநாடாவைச் சேர்ந்த சிறுதொழில் முனைவோருக்குச் 'சாதனை ஊக்க'ப் பயிற்சி அளித்தார். செய்வதை மேலும் செம்மையாகச் செய்யவேண்டும் என்னும் உள்ளுந்துதலே சாதனை ஊக்கம் எனப்படுகிறது. அது மிக்கவர்கள், எளிதில் முடிவதையும் குருட்டு அதிர்ஷ்டத்தை நம்புவதையும் விட்டு, முயன்றால் எட்டக்கூடிய இலக்கையே தேர்வார்கள் என்பது அவர் கருத்து. பயிற்சி பெற்றோர் பெறாதோரைவிடத் தொழிலில் கூடுதல் முனைப்புக் காட்டியதை அவரும் டேவிட் வின்டரும் 1969இல் நூலாக வெளியிட்டனர். கடனும் சந்தையும் கைகொடுக்காத ஊரில் ஊக்கம் மட்டும் என்ன செய்யும் என்று கேட்பது நியாயமே. ஆனால் அவை இருந்தும் முடங்கிக் கிடக்கும் தொழில்களும் உண்டு.

சிமெண்ட் ஆலைகள் நிறைந்த அரியலூரில், முறைவேலையின் களைப்பையும் பணிப் பாதுகாப்பையும் ஆராயும் தொழிலக உளவியலுக்கும் வேலை இருக்கிறது. எதிரே இருப்பவரின் மனத்தைப் படிக்கும் வித்தையாக உளவியலை எண்ணி வருபவர் ஏமாறுவார். தன் முடிவுகளைத் தானே ஐயுறக் கற்பதே வணிகருக்கு இதில் கிடைக்கும் பெரும்பயன். மண்டியையோ கடையையோ விட்டு வெளியூர் சென்றுதான் படிக்கவேண்டும் என்ற நிலையும் அண்மைக்காலம்வரை இருக்கவில்லை: இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் முதுகலை உளவியல் படிப்பில், எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் 2025 வரை தொலைநிலையில் சேர முடிந்தது.