ஒரு கையெழுத்தும் இரண்டு காசோலைகளும்

2011 நவம்பர். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் குளிர் இறங்கிவிட்ட நேரம். கடைவாசல்களிலும் தெருமுனைகளிலும் கிளிப் அட்டையோடு தொண்டர்கள் நின்றார்கள். ஆளுக்கு ஒரு வரி: கையெழுத்து, முகவரி, தேதி. ஆளுநர் ஸ்காட் வாக்கரைப் பாதியிலேயே திரும்ப அழைக்கும் மனு அது. (அங்கே ஆளுநர் என்றால் நம் ராஜ்பவன்காரர் இல்லை, ஓட்டு வாங்கி வருகிறவர், நம் முதலமைச்சர் மாதிரி.) தேவைப்பட்டவை 5,40,208 கையெழுத்துகள். செல்லுபடியானவை மட்டுமே 9 லட்சத்தைத் தாண்டின.

அந்த வரிகளில் ஒன்றில் ஜேக்கப் ஃபிராஸ்ட் என்ற பெயர் இருந்தது. 2020-ல் அவர் டேன் கவுண்டியில் நீதிபதியானார். 2024 டிசம்பர் 2 அன்று, எந்தச் சட்டத்தின் மேல் எழுந்த கோபத்தில் அந்த மனு பிறந்ததோ, அரசு ஊழியர் சங்கங்களின் உரிமையைக் குறைத்த அதே 'ஆக்ட் 10' சட்டத்தின் பெரும்பகுதி செல்லாது என்று தீர்ப்பு எழுதினார். 13 வருடப் பழைய படிவம் உடனே மேலே வந்துவிட்டது. இவர் நீதிபதியா, சங்கத்து ஆளா என்று குடியரசுக் கட்சிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

நீதிபதிக்கு ஒரு பக்கச் சாய்வு இருப்பது விஸ்கான்சினுக்குப் புதிதா என்றால், இல்லை. எட்வர்ட் ரயன் என்று ஒருவர். அயர்லாந்தில் பிறந்தவர். 1873-ல் சட்ட மாணவர்களிடம் பேசும்போது, பெரிய கம்பெனிகளின் பணம் நாட்டையே ஆளப் பார்க்கிறது என்று வெளிப்படையாக எச்சரித்தார். மறு வருடமே மாநில உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி. நாற்காலியில் உட்கார்ந்த கையோடு, ரயில் கம்பெனிகளின் கட்டணத்துக்கு வரம்பு வைத்த சட்டம் செல்லும் என்றார். முற்போக்கு அரசியலின் தலைவராக வளர்ந்த லா ஃபாலெட், பின்னாளில் தன் சுயசரிதையில் அந்தப் பேச்சை நினைவுகூர்ந்தார். அதே ரயன்தான், பெண் என்பதற்காகவே லவினியா குடெல் தன் நீதிமன்றத்தில் வழக்காடக் கூடாது என்று 1875-ல் கதவைச் சாத்தியவர். அன்றைய முற்போக்கின் எல்லை அவ்வளவுதான்.

1911 இன்னும் சுவாரசியமானது. வேலையில் அடிபட்ட தொழிலாளிக்கு நஷ்டஈடு தரும் சட்டத்தை நியூயார்க்கின் உயர்ந்த நீதிமன்றம் அந்த வருடம் மார்ச் 24 அன்று ரத்து செய்தது. மறுநாள் மாலை, அதே நியூயார்க்கில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள். சில மாதம் கழித்து அதே மாதிரியான சட்டம் விஸ்கான்சின் தலைமை நீதிபதி வின்ஸ்லோ முன் வந்தபோது, செல்லும் என்று தீர்ப்பானது. தொழில் மாறிவிட்டது, சட்டமும் அதற்கேற்ப மாற வேண்டும் என்பது அவர் பார்வை. அரசு ஊழியர்களின் பெரிய சங்கமான ஆஃப்ஸ்மி 1932-ல் முளைத்ததும் அந்த மாநிலத் தலைநகரான மேடிசனில்தான். அரசு ஊழியருக்குக் கூட்டுப்பேர உரிமை தந்த முதல் மாநிலச் சட்டம் வந்ததும் அங்கேதான், 1959-ல்.

ஆக்ட் 10 கை வைத்தது அந்த உரிமையில். இனி அடிப்படைச் சம்பளத்தைப் பற்றி மட்டும் பேசலாம், அதுவும் விலைவாசி உயர்வுக்குள். சம்பளத்தில் சந்தா பிடித்தம் கிடையாது. சங்கம் நீடிக்க வேண்டுமானால் வருடாவருடம் வாக்கெடுப்பு; ஓட்டுப் போட வராதவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டு 51 சதவீதம் வேண்டும். 2011 பிப்ரவரியில் ஆசிரியர்களும் மாணவர்களும் சட்டமன்றக் கட்டடத்துக்குள்ளேயே படுத்துத் தூங்கினார்கள். பக்கத்துப் பீட்சா கடைக்கு எகிப்திலிருந்துகூட ஆர்டர் வந்தது, போராடுகிறவர்களுக்குக் கொடுங்கள் என்று.

போலீஸுக்கும் தீயணைப்புத் துறைக்கும் மட்டும் விதிவிலக்கு. ஃபிராஸ்ட் தீர்ப்பு இறங்கிய இடம் இதுதான். மோட்டார் வாகன ஆய்வாளர் 'பொதுப் பாதுகாப்பு' ஊழியராம். சட்டமன்றத்தையே காவல் காக்கும் போலீஸும், துப்பாக்கியோடு காட்டைச் சுற்றும் வனக்காவலரும் இல்லையாம். இந்தப் பிரிவினைக்குக் காரணமே இல்லை என்றார் அவர். என் கண்ணுக்கு அந்த வாதம் கெட்டியாகவே படுகிறது. படிவத்தைத் தோண்டியவர்கள் வனக்காவலரைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

ரயனுக்கும் ஃபிராஸ்டுக்கும் நடுவில் மாறியது மனசு அல்ல, தடயம். 2012-ல் தேர்தல் வாரியம் மனுப் படிவங்களைப் படமெடுத்து இணையத்தில் போட்டது. கேனட் நிறுவனத்தின் பத்திரிகைகள் அதில் தேடி, 29 நீதிபதிகள் கையெழுத்துப் போட்டதை அம்பலப்படுத்தின. கொஞ்ச நாளிலேயே தன் செய்தி அறைகளிலும் 25 பேர் கையெழுத்துப் போட்டிருந்ததை அதே நிறுவனம் ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. யாரை யார் கேட்பது!

மாறிய இன்னொன்று பணம். அங்கே உச்ச நீதிமன்ற நீதிபதியை மக்கள்தான் 10 வருடத்துக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். சின்னமும் கட்சியும் வாக்குச்சீட்டில் கிடையாது. 2023-ல் ஜேனட் புரோட்டசேவிச் போட்டியிட்டபோது, ஆக்ட் 10-க்கு எதிரான ஊர்வலத்தில் நடந்ததையும் மனுவில் கையெழுத்துப் போட்டதையும் மறைக்கவில்லை. ஜெயித்தார். 2025-ல் சூசன் க்ராஃபோர்ட். ஒரு காலத்தில் மேடிசன் ஆசிரியர் சங்கத்துக்காக இதே சட்டத்தை எதிர்த்து வாதாடிய வக்கீல்களில் ஒருவர். அவரைத் தோற்கடிக்க எலான் மஸ்க்கும் அவர் சார்ந்த அமைப்புகளும் 2 கோடி டாலருக்கு மேல் இறக்கினார்கள். தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு கிரீன் பே மேடையில், விஸ்கான்சின்காரர்கள் பந்தாட்டத்துக்குப் போடும் பாலாடைக்கட்டித் தொப்பியோடு தோன்றிய மஸ்க், இரண்டு வாக்காளர்களுக்குத் தலா 10 லட்சம் டாலர் காசோலை கொடுத்தார். க்ராஃபோர்டுக்கும் பெரும் பணக்காரர்கள் துணை இருந்தது. இரு பக்கமும் சேர்ந்து செலவு 10 கோடி டாலரைத் தாண்டியது. க்ராஃபோர்ட் 10 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார்.

எப்போது ஒரு நீதிபதி வழக்கிலிருந்து விலக வேண்டும்? வாக்கருக்குச் சட்ட ஆலோசகராக இருந்து ஆக்ட் 10-ஐ எழுத உதவிய பிரையன் ஹேகடார்ன், இன்று உச்ச நீதிமன்ற நீதிபதி. 2025 ஜனவரியில் இந்த ஆக்ட் 10 வழக்கிலிருந்து தானாகவே விலகிக்கொண்டார். அது நல்ல காரியம். ஆனால் தேர்தல் நிதி விஷயத்தில் அந்த நீதிமன்றத்தின் விதி வேறு. நன்கொடை வாங்கியது மட்டுமே விலகக் காரணம் ஆகாது என்று 2009-ல் 4-க்கு 3 என்று முடிவெடுத்தார்கள். அந்த விதிக்கு வாசகம் எழுதிக் கொடுத்தவை உற்பத்தியாளர் சங்கமும் வீட்டுமனைத் தரகர் சங்கமும். 2017-ல் ஓய்வுபெற்ற நீதிபதிகள் 54 பேர் இதை மாற்றுங்கள் என்று மனுக் கொடுத்தார்கள்.

5-க்கு 2 என்று தள்ளுபடி ஆனது.