சூரியப் புயலுக்கு வாசலில் காவல்!
முகம் கொஞ்சம் திரும்பினாலும் தகவல் வராது

1989-ம் ஆண்டு மார்ச் 13-ந் தேதி அதிகாலை. கனடா நாட்டின் கியூபெக் மாகாணம் முழுவதும் கரண்டு போய்விட்டது. ஒன்றரை நிமிடத்துக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. 60 லட்சம் பேர் 9 மணி நேரம் குளிரில் தவித்தார்கள். கம்பியை யாரும் அறுக்கவில்லை. நாச வேலையும் இல்லை. குற்றவாளி இருந்தது 15 கோடி கிலோ மீட்டருக்கு அப்பால். சூரியன்!

சூரியனில் இருந்து ராத்திரி பகல் பாராமல் ஒரு காற்று வீசுகிறது. மின்சாரம் ஏறிய துகள்கள்தான் அந்தக் காற்று. சாதாரண நாளிலேயே வினாடிக்கு 400 கிலோ மீட்டர் வேகம். புயல் கிளம்பினால் அதைப்போல இரண்டு மடங்கு, அதற்கு மேலும் போகும். அது பூமியின் காந்த சக்தியைப் பிடித்து உலுக்கும்போது, நீளமான மின்சாரக் கம்பிகளில் வேண்டாத கரண்டு பாய்கிறது. டிரான்ஸ்பார்மர் தாங்குமா?

5 வினாடியில் தகவல்

இந்தப் புயலை வழியிலேயே நின்று பார்ப்பதற்காக "ஏஸ்" என்ற செயற்கைக் கோளை அமெரிக்காவின் நாசா 1997-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி அனுப்பியது. அது போய் நின்ற இடம், பூமியில் இருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோ மீட்டர். பூமியோடு சேர்ந்து, பூமிக்கு முன்னாலேயே நின்றுகொண்டு சூரியனைச் சுற்றி வர வசதியான இடம் அது.

காற்று "ஏஸ்" மீது பட்டதும் ரேடியோ மூலம் தகவல் புறப்படுகிறது. 5 வினாடியில் பூமிக்கு வந்துவிடும். காற்று வந்து சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். பெரிய புயலாக இருந்தால் அரை மணி நேரம்கூடக் கிடைக்காது. அந்த இடைவெளிக்குள் கொலராடோ மாநிலம் போல்டர் நகரில் உள்ள விண்வெளி வானிலை மையம் எச்சரிக்கை விட வேண்டும். மின்சார நிலையத்துக்காரர்கள் லோடைக் குறைக்க வேண்டும். வட துருவம் வழியாகப் போகிற விமானங்கள் பாதை மாற வேண்டும்.

பம்பரத்தின் பிடிவாதம்

"ஏஸ்" ஒரு பம்பரம். நிமிடத்துக்கு 5 சுற்று சுற்றுகிறது. சுற்றுகிற பம்பரம் சாயாமல் நிற்கும் என்பது கோலி, பம்பரம் விளையாடிய எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதன் பிடிவாதமும் தெரியும்தானே? எந்தப் பக்கம் பார்த்து நின்றதோ அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும்.

தலைவலி இங்கேதான். "ஏஸ்" முன்பக்கம் சூரியனைப் பார்க்க வேண்டும். முதுகில் இருக்கிற டிஷ் ஆன்டெனா பூமியைப் பார்க்க வேண்டும். அதுவோ பூமியோடு சேர்ந்து சூரியனைச் சுற்றி வருகிறது. வருஷத்தில் 360 டிகிரி. அதாவது நாளைக்கு ஒரு டிகிரி. பேசாமல் விட்டால் ஒரு வாரத்தில் பார்வை 7 டிகிரி தள்ளிப் போய்விடும். டிஷ் அனுப்புகிற அலை பூமியைத் தாண்டி எங்கோ போகும். கண்ணும் சரி, வாயும் சரி, பிரயோஜனப்படாது.

ஆகவே வாரத்துக்கு ஒரு தடவைபோல, மேரிலாந்து மாநிலத்தில் உள்ள நாசாவின் கோடார்டு மையத்தில் இருந்து கட்டளை போகிறது. சிறிய ஜெட் குழாய்கள் ஹைட்ரசின் எரிபொருளைச் சீறித் தள்ளுகின்றன. ஒரு சுற்றுக்கு 12 வினாடிதான். அதில் சரியான கணம் பார்த்துத் தட்டினால்தான் பம்பரம் சொன்ன பக்கம் திரும்பும். நேரம் பிசகினால் வேறு பக்கம் போய்விடும். பிறகு சூரியனையும் நட்சத்திரங்களையும் பார்க்கிற கருவிகளை வைத்து, திரும்பியது சரிதானா என்று கணக்குப் பார்க்கிறார்கள்.

இன்னொரு வேலையும் உண்டு. அந்த இடம் மலை உச்சியில் வைத்த கோலிக் குண்டு மாதிரி. கொஞ்சம் நகர்ந்தாலும் உருண்டு போகும். அதனால் அவ்வப்போது இழுத்து நிறுத்த வேண்டும். இத்தனைக்கும் கையில் இருந்த எரிபொருள் புறப்படும்போது ஏறத்தாழ 190 கிலோ. பெட்ரோல் பங்க் கிடையாது. சிக்கனமாகச் செலவழித்தார்கள். ஐந்து வருஷம் உழைத்தால் போதும் என்று அனுப்பியது, கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்டது!

ராக்கெட் கிளம்பினால் உலகமே கைதட்டுகிறது. வாராவாரம் உட்கார்ந்து சில டிகிரி திருப்புகிற ஆளுக்கு யார் மாலை போடுகிறார்கள்?

புது ஆள் படுத்தார்

பழைய ஆளுக்கு ஓய்வு கொடுக்க 2015-ம் ஆண்டு பிப்ரவரி 11-ந் தேதி "டிஸ்கவர்" என்ற புது செயற்கைக் கோள் கிளம்பியது. 2016 ஜூலையில் காவல் பொறுப்பு அதனிடம் போனது. இது பம்பரம் அல்ல. உள்ளே சுழலும் சக்கரங்களை வைத்துத் தானே திரும்பிக்கொள்ளும்.

மூன்று வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. 2019 ஜூன் 27-ந் தேதி, எந்தப் பக்கம் திரும்பி இருக்கிறோம் என்று சொல்லும் லேசர் கைரோ கருவியில் கோளாறு. எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்பதே சந்தேகம் என்றால் காவல் ஏது? "டிஸ்கவர்" வேலையை நிறுத்திவிட்டுப் பாதுகாப்பு நிலைக்குப் போய்விட்டது.

கிழவரைத்தான் கூப்பிட்டார்கள். 22 வயது நெருங்கிய "ஏஸ்" மறுபடி முன்னால் வந்து நின்றது. பூமியில் இருந்த என்ஜினீயர்கள் எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, கைரோ இல்லாமலே நட்சத்திரத்தைப் பார்த்துத் திசை அறிகிற புது கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதி மேலே அனுப்பினார்கள். 2020 மார்ச் 2-ந் தேதி "டிஸ்கவர்" எழுந்தது. 2025 ஜூலையில் அது மறுபடி படுத்துவிட்டது. மறுபடியும் "ஏஸ்"தான்! அதே ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி அடுத்த காவல்காரர் புளோரிடாவில் இருந்து புறப்பட்டார்.

செங்கோட்டைப் பெண்

அந்தப் பக்கம் இப்போது நம்ம ஆளும் உண்டு. 2023 செப்டம்பர் 2-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து போன "ஆதித்யா", 2024 ஜனவரி 6-ந் தேதி அங்கே சேர்ந்தது. அந்தத் திட்டத்தின் இயக்குனர் நிகர் ஷாஜி, தென்காசி பக்கம் செங்கோட்டையில் பிறந்தவர். "ஆதித்யா" முதல் சுற்றை முடிக்க 178 நாள் ஆனது. பாதை தவறாமல் இருக்க, அதற்குள் மூன்று தடவை தட்டித் திருத்தினார்கள். மூன்றாவது தடவை 2024 ஜூலை 2-ந் தேதி. அன்றே இரண்டாவது சுற்றும் தொடங்கியது.