கிரான் பணிகளும் மின்னஞ்சல் அறிவித்தலும்

மாணவர்களே, பயனர் அருகில் இல்லாத வேளையிலும் கணினியைக் கொண்டு பணி செய்விக்கலாம். லினக்ஸ் சேவையகத்தில் இதற்கெனப் பயன்படும் மென்பொருள் கிரான் ஆகும். இது பின்னணியில் இயங்கி, ஒவ்வொரு நிமிடமும் கிரான்டாப் எனும் அட்டவணையை நோக்கி, நேரம் வந்த கட்டளைகளை நிறைவேற்றும்.

அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் கட்டளைக்கு முன் ஐந்து புலங்கள் உள்ளன:

1. நிமிடம் (0 – 59)
2. மணி (0 – 23)
3. மாதத்தின் நாள் (1 – 31)
4. மாதம் (1 – 12)
5. கிழமை (0 – 7, 0, 7 இரண்டும் ஞாயிறு)

* எனும் குறி “ஒவ்வொரு” எனப் பொருள்படும்.

உதாரணம்: பாடசாலை நூலகத் தரவுகளைப் பிரதி செய்யும் கட்டளைக்கு முன் 30 2 * * 1 என இட்டால், அது திங்கட்கிழமை தோறும் அதிகாலை 2.30 இற்கு நடைபெறும்.

மின்னஞ்சல் எவ்வாறு வருகின்றது?

கட்டளை தரும் வெளியீட்டைக் கிரான் திரட்டி, அட்டவணையின் உரிமையாளருக்கு அனுப்பும். வேறொருவருக்கு அனுப்புவதாயின், பணி வரிகளுக்கு மேலே மெயில்டூ எனும் மாறிக்கு அவரது முகவரியை இடுதல் வேண்டும். இதற்கு இரு நிபந்தனைகள் உள்ளன:

• கட்டளை ஏதேனும் வெளியீட்டைத் தரல் வேண்டும்.
• போஸ்ட்பிக்ஸ் போன்ற அஞ்சல் மென்பொருள் சேவையகத்தில் இருத்தல் வேண்டும்.

பொதுவான தவறு

நாள்தோறும் மின்னஞ்சல் குவிவதால் சலிப்புற்று, சிலர் கட்டளையின் இறுதியில் > /டெவ்/நல் 2>&1 எனச் சேர்ப்பர். இதனால் நியம வெளியீட்டுடன் (1) வழுச் செய்தியும் (2) அழிந்துவிடும். வன்தட்டு நிரம்பிப் பிரதி செய்தல் நின்றுபோனாலும் எவரும் அறியார். தரவுகள் இழக்கப்பட்ட அன்றே, பிரதியும் இல்லை என்பது தெரியவரும். எனவே 2>&1 என்பதை நீக்குக. அப்போது வழுச் செய்தி மட்டும் மின்னஞ்சலாக வரும்.

மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்பர். சேவையகத்தில் அவ்வாறன்று. மின் தடைப்பட்டுச் சேவையகம் நின்றிருந்தாலும் மின்னஞ்சல் வராது. ஆகவே முக்கிய பணி வெற்றியாக முடிந்ததும் “நிறைவுற்றது” என ஒரு வரியை வெளியிடச் செய்க. அது வராத நாளில் உடனே சேவையகத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

பயிற்சி

1. 0 18 * * 5 என்பது எப்போது நிறைவேறும்?
2. மின்னஞ்சல் வராமைக்கு மூன்று காரணங்கள் தருக.

விடை (1): வெள்ளிக்கிழமை தோறும் பி.ப. 6.00 மணி.