பேரேடு அறிந்த மென்பொருள்

தருமபுரி மாவட்டத்தில், பாலக்கோட்டுப் பக்கத்துக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில், தக்காளிக்குப் பயிர்க்கடன் கேட்பவரும், சங்கிலியை அடகு வைப்பவரும், யூரியா மூட்டைக்கு வந்தவரும் ஒரே ஜன்னலில் நிற்பதைக் கண்டவர்க்கு, கடைகளுக்கென்று செய்த பில் போடும் மென்பொருள் அந்த ஸ்தாபனத்துக்கு ஏன் போதாதென்பது விளங்கிவிடும். மூட்டையை எண்ணத் தெரிந்த அதற்கு, நகையில் கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும் கடன் கணக்கிடுவதும், வட்டி மானியமும் அந்நிய சமாச்சாரங்கள்.

2022 ஜூனில், 2,516 கோடி ரூபாய்ச் செலவில் சுமார் 63,000 சங்கங்களைக் கணினிமயமாக்க அனுமதித்த மத்திய அரசு, பொது மென்பொருளே ஆயினும் அது பிராந்திய பாஷையிலும் மாநிலங்களின் தேவைக்கேற்ப மாற்றத் தக்கதாகவும் அமையவேண்டுமென்று திட்டமிட்டது விவேகமான காரியமே. திரையின் வர்ணஜாலத்தில் மயங்கி வாங்குவோர் (நானும் ஒருமுறை மயங்கியவன்தான்), முதலில் செயலாளரின் பேரேட்டைப் புரட்டி, ஓரங்களில் அவர் பென்சிலால் எழுதிவைத்திருக்கும் குறிப்புகளை விசாரிப்பது உத்தமம்.