கிளைமாக்ஸுக்கு ஆயுள் ஒரு வருடம்

‘ஹாலோவீன்’ வரிசையின் நான்காம் படத்தை யாரும் காவியம் என்று கொண்டாடுவதில்லை. 1988 அக்டோபரில் வந்த அந்தப் படத்தில் முக்கால்வாசி நேரம் பழைய சரக்குதான். பத்து வருடம் நினைவிழந்து கிடந்த முகமூடிக் கொலைகாரன் மைக்கேல் மையர்ஸ், ஆம்புலன்ஸில் இடம் மாற்றப்படும்போது விழித்துக்கொள்கிறான். ஹாடன்ஃபீல்டு ஊரில் கரண்ட் போகிறது, போன் செத்துப்போகிறது. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் உள்ளூர்க் கும்பல் சம்பந்தமே இல்லாத ஒருவரைச் சுட்டுத்தள்ளுகிறது. கடைசியில் போலீஸ் தோட்டாக்கள் சல்லடையாகத் துளைக்க, மையர்ஸ் பாழடைந்த சுரங்கக் குழிக்குள் விழுகிறான். கீழே கழற்றி விட்ட செருப்பைக் காலால் துழாவத் தொடங்கும் நேரம்.

அதற்குப் பிறகு வரும் சில நிமிடங்கள்தான் படம்.

வீட்டில் எல்லோரும் மூச்சு விட்டாயிற்று. வளர்ப்புத் தாய் மாடியில் சிறுமி ஜேமிக்காகக் குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்புகிறாள். திடீரென்று கேமரா ஒரு முகமூடியின் கண் ஓட்டைகள் வழியாகப் பார்க்கிறது. மெல்ல அவளை நெருங்குகிறது. அலறல். டாக்டர் லூமிஸ் படிக்கட்டருகே வந்து அண்ணாந்து பார்க்கிறார். பார்த்த மாத்திரத்தில், பல வருடம் மையர்ஸைத் துரத்திய அந்த மனிதரே அடித்தொண்டையில் கத்துகிறார், துப்பாக்கியை உயர்த்துகிறார். ஷெரிஃப் அவர் கையைத் தடுக்கிறார். படியின் உச்சியில் கோமாளி உடையும் ரத்தக் கத்தரிக்கோலுமாக நிற்கிறாள் ஜேமி, மையர்ஸின் தங்கை மகள்.

1978-இல் ஜான் கார்பென்டர் எடுத்த முதல் படத்தின் தொடக்கமும் இதேதான்: கோமாளி உடை, கண் ஓட்டைகள், அக்காவைக் குத்திக் கொல்லும் ஆறு வயதுச் சிறுவன். வெறும் திடுக்கிடல் என்றால் அது மறுநாளே மறந்துவிடும். இந்த முடிவு பின்னால் போய் மொத்தப் படத்தையும் திருத்துகிறது. கடையில் ஜேமி கோமாளி உடையைத் தன்மீது வைத்துக் கண்ணாடியில் பார்க்கும்போது சிறுவன் மைக்கேல் தெரிவானே, அப்போது அது சும்மா பயமுறுத்தலாகத் தோன்றியது. இப்போது அதற்குப் பொருள் வந்துவிடுகிறது. அவளைக் காப்பாற்ற லூமிஸ் பட்ட பாடெல்லாம் வேறு கணக்கில் சேருகிறது. நல்ல முடிவு சுமாரான படத்தைக் கரையேற்றுமா என்று கேட்டால், இந்த ஒரு படத்தைக் காட்டி ‘ஏற்றும்’ என்று சொல்லிவிடலாம்.

எண்பது நிமிடம் கொட்டாவி விட வைத்துவிட்டுக் கடைசியில் தட்டி எழுப்புவதற்கு எதற்குக் கைதட்டு என்று கேட்பவர்களும் உண்டு. அவர்கள் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த நல்ல முடிவை யார் உயிரோடு விட்டார்கள்?

சரியாக ஒரே வருடம். 1989 அக்டோபரில் ஐந்தாம் பாகம் வந்தது. வளர்ப்புத் தாய் சாகவில்லையாம், பிழைத்துக்கொண்டாளாம். ஜேமி கொலைகாரி இல்லையாம். பேச்சிழந்து குழந்தைகள் மருத்துவமனையில் கிடக்கிறாள், மாமன் எங்கோ நடமாடினால் இவளுக்கு உடம்பு துடிக்கிறது. சுரங்கக் குழியில் விழுந்தவன் வழக்கம்போல எழுந்து வந்துவிட்டான். அமெரிக்க வசூலில் நான்காம் பாகம் சுமார் 1 கோடியே 77 லட்சம் டாலர். முடிவைத் துடைத்துப்போட்ட ஐந்தாம் பாகம் சுமார் 1 கோடியே 16 லட்சம்.

இது ஒரு படத்தின் விபத்து அல்ல. ‘ஃப்ரைடே தி 13த்’ வரிசை 1984-இல் ‘தி ஃபைனல் சாப்டர்’ என்று போஸ்டரிலேயே சத்தியம் செய்தது. சிறுவன் டாமி, கொலைகாரன் ஜேசனை வெட்டிச் சாய்த்துவிட்டு வெறித்த பார்வையோடு நிற்பதில் படம் முடிந்தது. அடுத்த மார்ச்சிலேயே ‘எ நியூ பிகினிங்’ வந்தது. அதன் கடைசியில் வளர்ந்த டாமி ஹாக்கி முகமூடியை மாட்டிக்கொண்டு கத்தியோடு நிற்கிறான். 1986-இல் அதுவும் காற்றில் போனது: டாமி நல்லவன், ஜேசனை மின்னல் எழுப்பிவிட்டது. 1980 முதல் 1989 வரை எட்டு படங்கள். செலவு குறைவு, முதல் வார வசூலுக்குப் பழைய முகமூடியே போதும் என்றால், புது வாரிசை நம்பிப் பணம் போட எவருக்கும் மனம் வராது.

‘சைக்கோ 2’ (1983) இன்னும் நயமான உதாரணம். தான்தான் பெற்ற தாய் என்று சொல்லிக்கொண்டு வரும் கிழவிக்கு நார்மன் பேட்ஸ் விஷம் கலந்த தேநீர் தருகிறான். அவள் குடித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் போய் மண்வாரியால் மண்டையில் ஒரு போடு. ஆண்டனி பெர்கின்ஸின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஹிட்ச்காக் பெயரைக் கெடுக்காத முடிவு. மூன்று வருடம் கழித்து மூன்றாம் பாகம், அவள் தாயே இல்லை, சித்தி என்று சொல்லிவிட்டது.

உச்சம் 1998-இல் வந்த ‘ஹாலோவீன் எச்20’. வேனுக்கும் மரத்துக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கும் மையர்ஸ், தங்கை லோரியை நோக்கிக் கையை நீட்டுகிறான். லோரியாக நடிக்கும் ஜேமி லீ கர்ட்டிஸ் தயங்குகிறார், விரலைத் தொடக் கை நீள்கிறது, பிறகு கோடரி. இருபது வருடக் கதைக்கு இதைவிடத் துல்லியமான முற்றுப்புள்ளி அந்த வரிசையில் கிடையாது. 2002-இல் ‘ரெசரெக்‌ஷன்’ என்ன சொன்னது தெரியுமா? முகமூடிக்குள் இருந்தது ஓர் ஆம்புலன்ஸ் ஊழியர். மையர்ஸ் அவர் குரல்வளையை நசுக்கி, முகமூடியை மாட்டிவிட்டுத் தப்பித்துவிட்டான். ஆக, அந்த நீட்டிய கை ஒரு அப்பாவியின் கெஞ்சல். லோரி வெட்டியது நிரபராதியின் தலையை. வெறுமனே முடிவை ரத்து செய்தார்கள் என்றால்கூடப் பொறுக்கலாம். முந்தைய படத்தை இனி எப்போது பார்த்தாலும் அந்தக் கை வேறு மாதிரி தெரியும்படி செய்துவிட்டார்கள்.

தப்பிப் பிழைத்த முடிவு ஒன்று உண்டு: மையர்ஸே வராத மூன்றாம் பாகம் (1982). குழந்தைகளைக் கொல்லும் விளம்பரத்தை நிறுத்தச் சொல்லி ஒரு டாக்டர் போனில் கதறுகிறார். இரண்டு சேனல்களில் நின்றுவிட்டது, மூன்றாவதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதோடு திரை இருள்கிறது. வந்தபோது ரசிகர்கள் திட்டித் தீர்த்த அந்தப் படத்துக்கு இன்று தனி ரசிகர் கூட்டமே இருக்கிறது. அந்தக் கதையைத் தொடர யாரும் வரவில்லை என்பதும் அதன் அதிர்ஷ்டம்.

2022-இல் ‘ஹாலோவீன் எண்ட்ஸ்’ எடுத்தவர்களுக்கு இந்த வரலாறெல்லாம் அத்துப்படி போலிருக்கிறது. லோரி முதலில் முகமூடியைக் கழற்றுகிறாள், பிறகுதான் கழுத்தை அறுக்கிறாள். பிணத்தைக் காரின் மேல் கட்டி, ஊர்வலமாகக் கொண்டுபோய், ஊரே கூடி நிற்க, பழைய இரும்பை நொறுக்கும் இயந்திரத்தில் தள்ளுகிறார்கள். ஆள் மாறிவிட்டது என்று இனி எவரும் கதை விட முடியாது. முகமூடியை மட்டும் இயந்திரத்தில் போடாமல் லோரியின் வீட்டு மேஜைமேல் வைத்துவிட்டார்கள்; அடுத்துப் பணம் போட வருபவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.