பல்கலைக்கழகப் பிள்ளையும் கைத்தொலைபேசியும்

பாரிட் புந்தார் வட்டாரத்துத் தோட்டக் குடும்பங்களிலிருந்து பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைகளில் பலர், தங்கள் வீட்டில் அந்தப் படியை முதன்முதலில் மிதித்தவர்கள். பாட்டனார் பால் மரம் சீவினார். தகப்பனார் செம்பனைக் குலை அறுக்கிறார். பேரன் கிரியான் ஆற்றைத் தாண்டி, நிபோங் திபாலில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்தில் படிக்கிறான். வேறு சிலர் சிந்தோக்கிற்கும் தஞ்சோங் மாலிமுக்கும் போகிறார்கள். இவ்வளவு பாடுபட்டு அனுப்பிய பிள்ளை, விடுமுறைக்கு வந்தும் கைத்தொலைபேசியிலிருந்து தலை நிமிராமல் இருக்கிறான். சோறு ஆறிப்போகிறது. பின்னிரவு இரண்டு மணிக்கும் அவன் முகத்தில் வெளிச்சம் தெரிகிறது. பெற்ற வயிறு கலங்குவது இயல்பே.

இது நோயா என்று பலர் கேட்கிறார்கள். 1996-ஆம் ஆண்டில் கிம்பர்லி யங் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் இணைய அடிமைத்தனம் பற்றி ஆய்வுரை படித்தார். பின்னர் அவர் வகுத்த இருபது கேள்விகளை இன்றும் பல நாட்டு ஆய்வாளர்கள் மாணவர்களிடம் கேட்டு வருகிறார்கள். உலகச் சுகாதார நிறுவனமோ 2019-இல் ஏற்று, 2022 ஜனவரியில் நடப்புக்கு வந்த நோய்ப் பட்டியலில் மின்விளையாட்டுக் கோளாறு என்ற ஒன்றைச் சேர்த்தது. பொதுவான இணையப் பழக்கத்தை அவ்வாறு சேர்க்கவில்லை. விளையாட்டை நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதுவே பெரிதாகிவிடுதல், கெடுதல் வந்த பின்னும் தொடர்தல், இவை படிப்பையும் குடும்ப வாழ்வையும் குலைத்து, பொதுவாக ஓராண்டு காலமேனும் நீடித்திருக்க வேண்டும். ஆகவே விடுமுறையில் நான்கு நாள் படுத்துக்கொண்டே படம் பார்க்கும் பிள்ளையை நோயாளி என்று சொல்லிவிடலாகாது.

அடிமைப் பழக்கம் என்பது தோட்ட மக்களுக்குப் புதிய செய்தியன்று. கள்ளுக்கடை செய்த கேட்டை நாம் அறிவோம். ஆனால் கள்ளுக்கடைக்குத் திறக்கும் நேரமும் அடைக்கும் நேரமும் இருந்தன. இந்தக் கடையோ சட்டைப்பையில் இருக்கிறது, அடைப்பதே இல்லை. 2006-இல் அசா ராஸ்கின் என்பவர் பக்கத்தின் அடி என்பதே வராமல், தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் முறையை வடிவமைத்தார். அடுத்து என்ன வரும் என்று தெரியாததுதான் கையைக் கட்டிப்போடுகிறது. நாலு நம்பர் எழுதுகிறவரைக் கேளுங்கள், இதன் சூட்சுமத்தை அவர் நம்மைவிட நன்றாகச் சொல்வார். அதே கருவியில்தான் விரிவுரைக் குறிப்பும் வருகிறது, பாட வேலையையும் அனுப்ப வேண்டியிருக்கிறது. ஆகையால் அதை ஒரேயடியாக விலக்கவும் வழியில்லை.

இனி வீட்டுக்கு வருவோம். பெற்றோருடன் ஒட்டுதல் குறைந்த மாணவர்களிடம் இப்பழக்கம் மிகுந்து காணப்படுவதாக ஆய்வுகள் பல கூறுகின்றன. எது முன், எது பின் என்பதை ஒருமுறை கேள்வித்தாள் கொடுத்துக் கண்டுவிட முடியாது. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்பதே என் கருத்து.

ஒரு மாணவனை எண்ணிப் பாருங்கள். ஊரில் அவன் கெட்டிக்காரன். அங்கே விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கிறது. முதல் பருவத்தில் ஒரு பாடத்தில் தவறிவிட்டான். வீட்டிலிருந்து அழைப்பு வருகிறது. "சாப்பிட்டியாப்பா? பரீட்சை எப்படி? காசு இருக்கா?" மூன்று கேள்விக்கும் "ம்" என்பதே பதில். தவறியதைச் சொன்னால் அப்பாவின் முகம் என்னவாகும் என்று அஞ்சுகிறான். கைத்தொலைபேசி அவனை எதுவும் கேட்பதில்லை. விளையாட்டில் தோற்றால் மறுபடி ஆடலாம். அங்கே போய் ஒளிகிறான். வகுப்பு தப்புகிறது, மறைக்க வேண்டியது இன்னும் கூடுகிறது. இந்த நேரத்தில் தகப்பனார் கைத்தொலைபேசியைப் பிடுங்கிப் பரணில் போட்டால், ஒளிந்த இடம் போகுமே தவிர ஒளியச் செய்த அச்சம் போகாது. தென்கொரியா 2011-இல் பதினாறு வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை இணைய விளையாட்டு ஆடக் கூடாதென்று சட்டமே போட்டது. பத்தாண்டு கழித்து அதையே நீக்கிவிட்டது.

தாய்மார்களே, அடுத்த முறை அழைக்கும்போது பரீட்சையைப் பற்றிக் கேளாதீர்கள். வீட்டுச் சேதி சொல்லுங்கள். கூரை ஒழுகுவதைச் சொல்லி, என்ன செய்யலாம் என்று யோசனை கேளுங்கள். யோசனை கேட்கப்படும் பிள்ளை தானும் ஒன்றைச் சொல்லத் தொடங்குவான். தவறிய பாடத்தைத் திரும்ப எடுக்க வழியுண்டு என்பதை, அவன் சொல்வதற்கு முன்பே நீங்கள் அறிந்திருப்பதாகக் காட்டிக்கொள்ளலாம். சாப்பாட்டு வேளையில் எல்லாருடைய கைத்தொலைபேசியும் அலமாரிக்குப் போகட்டும், அப்பாவுடையதும்தான். பெரியவர்கள் வாட்சாப்பில் மூழ்கிக்கொண்டு பிள்ளையைக் கண்டித்தால் யார் கேட்பார்? இரவில் கருவி படுக்கையறைக்கு வெளியே மின்னேற்றப்படட்டும். தூக்கம் திரும்பினாலே பாதி சிடுசிடுப்பு அடங்கும்.

பகலும் இரவும் வாரக்கணக்கில் தலைகீழானால், வகுப்புக்கே போகாமலிருந்தால், விளையாட்டுக்கோ இணையச் சூதாட்டத்துக்கோ கடன் வாங்கினால், வாழ்வதில் பயனில்லை என்று பேசினால், காத்திருக்காதீர்கள். பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கான ஆலோசகர்கள் இருக்கிறார்கள். நம்மூர் அரசு மருத்துவரிடமும் காட்டலாம். சுகாதார அமைச்சு 2022-இல் தொடங்கிய மனநலத் தொலைபேசிச் சேவையின் எண் 15555. பிள்ளை அழைக்க மறுத்தால், என்ன செய்வதென்று கேட்டு நீங்களே அழைக்கலாம்.