பாடசாலை முடிந்த பின்: ஆர்ச்வே இளையோரும் நகரத் திட்டமிடலும்

ஆர்ச்வே சுரங்க ரயில் நிலையத்தை விட்டு வெளியே வரும் மாணவர்கள் இன்று நேரே நேவிகேட்டர் சதுக்கத்தினுள் நடந்து செல்கின்றனர். முன்னர் அங்கே வாகனங்கள் ஒருவழிச் சுற்றுப்பாதையில் இடைவிடாது ஓடிக்கொண்டிருந்தன. ஆர்ச்வே டேவர்ன் கட்டிடம் அவற்றின் நடுவே ஒரு தீவைப் போல அகப்பட்டிருந்தது. 2017ஆம் ஆண்டில் சுற்றுப்பாதை நீக்கப்பட்டது. ஒரு வீதிப் பகுதி மூடப்பட்டுச் சதுக்கமாகியது. ஏனைய வீதிகள் இருவழிப் பாதைகளாகின. சைக்கிளுக்கெனத் தனிப் பாதையும் அமைந்தது. கால்வாய்களையும் ரயில் பாதைகளையும் அமைத்த ஐரிஷ் தொழிலாளர்களின் நினைவாகவே சதுக்கத்திற்கு இப்பெயர் சூட்டப்பட்டது.

வீதி, வீடு, பூங்கா, கடை ஆகியவை எங்கே, எவ்வாறு அமைய வேண்டும் எனத் தீர்மானிப்பதே நகரத் திட்டமிடல் ஆகும். இத்தீர்மானங்களில் குடியிருப்பாளர்களின் குரலுக்கும் இடமுண்டு. ஹைகேட்ஹில் முருகன் ஆலயம் அமைந்துள்ள ஆர்ச்வே வீதியை அகலப்படுத்தும் திட்டத்தை 1970களிலிருந்து மக்கள் பொது விசாரணைகளில் எதிர்த்து வந்தனர். 1990இல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

மாணவர்கள் எவ்வாறு கற்கின்றனர்?

சுற்றுப்புறத்தையே வகுப்பறையாகக் கொள்ளும் முறை பிரித்தானியாவிற்குப் புதியதன்று. 1973இல் கொலின் வார்ட், அன்டனி ஃபைசன் ஆகியோர் இதனை விளக்கி நூல் எழுதினர். இம்முறையில் மாணவர்கள் முதலில் வீதியில் நடந்து கவனிக்கின்றனர். மூத்தோர் அமர இருக்கை உள்ளதா, தள்ளுவண்டியுடன் தாய் ஒருவர் வீதியைக் கடக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது, இருட்டிய பின் எந்தப் பாதை அச்சம் தருகிறது என்பவற்றைக் குறித்துக்கொள்கின்றனர். பின்னர் வரைபடத்தில் அடையாளமிட்டு, மாற்று யோசனையை வரைந்து, பிறர் முன்னிலையில் விளக்குகின்றனர்.

இலண்டனில் ஓப்பன் சிட்டி என்னும் தொண்டு நிறுவனம் 2012 முதல் ‘அக்சிலரேட்’ என்ற கட்டணமற்ற திட்டத்தை நடத்தி வருகிறது. கட்டடக்கலை, நகர வடிவமைப்பு போன்ற துறைகளை நாடும் உயர்வகுப்பு மாணவர்களுக்குப் பயிற்சியும் துறைசார்ந்தோரின் வழிகாட்டலும் அதில் கிடைக்கின்றன.

மாலை நேரம் டியூஷனுக்கே போதாது எனப் பெற்றோர் எண்ணக்கூடும். எனினும் புவியியல், கணிதம், ஆங்கிலப் பேச்சுத்திறன் ஆகிய மூன்றிற்கும் இது பயிற்சியாகும். மேலும், பேரன் பேத்தியரே பல வீடுகளில் தாத்தா பாட்டியரை வைத்தியசாலைக்கும் ஆலயத்திற்கும் அழைத்துச் செல்கின்றனர். ஆங்கிலத்தில் தம் சிரமத்தைக் கூற இயலாத மூத்தோருக்காகவும் அவர்களால் பேச முடியும்.

கருத்துத் தெரிவிக்கும் முறை

திட்டமிடல் விண்ணப்பம் ஒன்றைப் பற்றிக் கருத்துக் கூறச் சட்டத்தில் வயதெல்லை இல்லை. வழமையாக 21 நாட்கள் அவகாசம் வழங்கப்படும்.

முதலில், அவ்விடம் எந்தச் சபைக்கு உட்பட்டது என அறிதல் வேண்டும். ஆர்ச்வே நிலையமும் சதுக்கமும் இஸ்லிங்டன் சபைக்கு உரியவை. முருகன் ஆலயம் இருப்பதோ ஹாரிங்கே எல்லையில்.

அடுத்து, காரணம் திட்டமிடலோடு தொடர்புடையதாக இருத்தல் வேண்டும். வெளிச்சம் மறைதல், தனிமை பாதிக்கப்படுதல், இரைச்சல், போக்குவரத்து நெரிசல் ஆகியவை கருத்தில் கொள்ளப்படும். தமது வீட்டின் விலை குறையும் என்பதோ, சன்னல் வழியே தெரியும் காட்சி மறையும் என்பதோ கணக்கில் எடுக்கப்படமாட்டாது. ஒரே வாசகத்தில் பலர் கையெழுத்திடுவதைவிட, தாம் நேரில் கண்டதைத் தெளிவாக எழுதுவது பயன் தரும்.

கருத்துகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுவதால், தொலைபேசி எண் போன்ற தனிப்பட்ட விபரங்களை அவற்றில் எழுதுதல் கூடாது. 18 வயதிற்கு உட்பட்டோர் அனுப்பும் முன் பெற்றோரிடம் காட்டுவது நன்று.

கருத்துக் கூறுவதனால் கேட்டது யாவும் கிடைத்துவிடும் என்பதில்லை. ஆயினும் உரிய காலத்தில் எழுதப்பட்ட தகுந்த காரணத்தை அதிகாரிகள் தீர்மானத்திற்கு முன் பரிசீலித்தே ஆக வேண்டும். இதனை 15 வயதில் அறிந்துகொள்ளும் பிள்ளைக்கு, தான் வாழும் வீதியைப் பற்றித் தானும் பேசலாம் என்பது தெரிந்திருக்கும்.